புர்ரகதைக்குப் பெயர் வந்த கதை



வெளி மாநிலங்களில் குடியேறிய தமிழர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கண்ணிற்பட்ட பொருளுக்கெல்லாம் ஒரு தமிழ்ப் பெயர் இட்டுப் பார்க்காமல் நமக்கு உறக்கம் வாராது. எனக்கோ அந்த வழக்கமே பிழைப்பாகவும் அமைந்துவிட்டது. மத்திய அரசின் சுற்றறிக்கைகளையும் விளம்பரங்களையும் தமிழாக்கிக் கொடுப்பது என் உத்தியோகம். இருபது ஆண்டுகளாக அகராதிகளோடு குடித்தனம் நடத்தி வருகிறேன். அவ்வளவு பழகியும், ஒரே ஒரு சொல்லைத் தமிழாக்கப் புகுந்து ஒரு குடும்பத்தாரின் நிகழ்ச்சியைக் கெடுத்த பழி என்னைச் சேர்ந்தது. அந்தச் சொல் 'புர்ரகதை'.

நடந்தது இதுதான். நான் அப்போது பணியாற்றிய நாகபுரியில் தமிழ் அன்பர்களும் தெலுங்கு அன்பர்களும் ஒன்றுகூடி ஒரு கலைவிழா எடுத்தார்கள். சித்தூருக்கு அருகேயுள்ள சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு குடும்பத்தாரைப் புர்ரகதை சொல்வதற்கு வரவழைத்திருந்தார்கள். தமிழ் அழைப்பிதழை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. 'புர்ர' என்று அப்படியே எழுதினால், அதன் முதலெழுத்தைப் 'பல்' என்பதுபோல் ஒலிப்பதா, 'பக்தி' என்பதுபோல் ஒலிப்பதா என்று படிப்பவர் மயங்குவர். பொருளும் விளங்காது என்று எண்ணினேன். தெலுங்கு அகராதியைப் புரட்டினேன். மண்டையோடு என்ற பொருள் கண்ணிற்பட்டது. மேற்கொண்டு பார்க்கவில்லை. 'மண்டையோட்டுக் கதை' என்று எழுதி அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.

விழா மாலையில் தெலுங்கர் அமர்ந்த பக்கம் நிரம்பி வழிந்தது. தமிழர் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தால் அதிகம். மயானம், காபாலிகர், பேய் பிசாசு என்று ஏதேதோ எண்ணிக்கொண்டு தாய்மார்கள் குழந்தைகளோடு வீட்டிலேயே தங்கிவிட்டார்கள் என்பதைப் பின்னால் அறிந்தேன். மேடையேறிய பெரியவர் காலியாய்க் கிடந்த நாற்காலிகளை ஒருமுறை பார்த்தார். பிறகு தேசிங்குராஜன் கதையைத் தொடங்கினார். தமிழர்கள் வருவார்கள், செஞ்சிக் கோட்டைக் கதையென்றால் மனம் மகிழ்வார்கள் என்று கருதி, வேறெந்தக் கதையையும் விட்டு அதையே அவர் ஆயத்தம் செய்து வந்திருந்தார். இதை அவர் வாயால் கேட்டபோது எனக்குத் தலை நிமிரவில்லை.

இத்தனைக்கும் நானும் சித்தூரிற் பிறந்தவன். நீவா ஆற்றங்கரையில், தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசும் தெருவில் பத்து வயதுவரை வளர்ந்தவன். அந்நிலத்தின் வரலாறே இருமொழி வரலாறு. 1911-இல் சித்தூர் மாவட்டம் தனியே அமைக்கப்படும்வரை, அது வட ஆர்க்காட்டின் தலைநகராக விளங்கிற்று. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அம்மாவட்டம் ஆந்திரத்தோடு சென்றது. 1960-இல் திருத்தணிப் பகுதி நம் பக்கம் திரும்பிற்று. 2022-இல் திருப்பதியும் தனி மாவட்டமாயிற்று. கோடுகள் இவ்வாறு மாறிமாறி விழுந்தனவேயன்றி, கதை சொல்லிகள் போகும் பாதை மாறவில்லை.

அறுவடை முடிந்து களத்தில் நெல் குவிந்திருக்கும் நாட்களில் கதை சொல்லும் குடும்பத்தார் வருவார்கள். தோளில் தம்புரா, இடுப்பில் மண் முழவு, காலில் சலங்கை. அவர்களைக் கண்டதும் தெருப் பிள்ளைகளாகிய நாங்கள் 'புர்ரலு வச்சினாயி' என்று கூவிக்கொண்டு ஓடுவோம். இதிலுள்ள குறும்பைக் கவனியுங்கள். மனிதர் வந்தால் தெலுங்கில் 'வச்சினாரு' என்று சொல்ல வேண்டும். 'வச்சினாயி' என்பது அஃறிணைப் பன்மை. 'மண்டைகள் வந்தன' என்று தமிழில் சொன்னால் எப்படியோ அப்படி. அந்தத் தம்புராவின் அடிப்பாகம் செத்துப்போன மனிதர் ஒருவரின் மண்டை என்று எங்கள் பாட்டி சொல்லியிருந்தார். இரவில் உறங்காத பேரப்பிள்ளைகளை அடக்குவதற்குச் சொன்ன பொய். அகராதியில் மண்டையோடு என்ற சொல்லைப் பார்த்தவுடன், அந்தப் பழைய பொய்தான் என் கையைப் பிடித்து எழுத வைத்தது போலும்.

புர்ரகதை என்பது மூவர் சேர்ந்து சொல்லும் கதைப்பாட்டு. நடுவில் நிற்பவர் கதகுடு, அதாவது கதை சொல்பவர். தலைப்பாகையும் நீண்ட அங்கியும் அணிந்து, தம்புராவைத் தோளிற் சாய்த்திருப்பார். அவர் கை விரல்களில் உலோக வளையங்கள் இருக்கும். உள்ளே குழலாக்கிச் சிறு குண்டுகள் இட்டவை. ஒன்றோடொன்று மோதும்போது சலங்கையும் தாளமும் கலந்தாற்போன்ற ஓசை எழும். இரு பக்கமும் நிற்பவர்களைத் தெலுங்கில் 'வந்த' பாடுவோர் என்பர். நம் இறந்தகாலப் பெயரெச்சத்தோடு இதற்கு உறவில்லை. பின்பாட்டு என்பதே பொருள். அவர்கள் கையில் இருப்பது டக்கி அல்லது கும்மெட எனப்படும் முழவு. மண்ணாற் செய்து தோல் போர்த்தியது. பித்தளையாற் செய்வதும் உண்டு. கதகுடு முன்னும் பின்னும் ஆடி நடந்தபடி ஓரடி பாடுவார். இவர்கள் 'தந்தான' என்று ஏந்திக்கொள்வார்கள். அந்தச் சந்தத்தைக் கொண்டு தந்தான கதை என்றும், கருவியைக் கொண்டு தம்புரா கதை என்றும் இக்கலைக்கு வேறு பெயர்களும் உண்டு.

பின்பாட்டுக்காரர் இருவரும் வெறும் பின்பாட்டுக்காரர் அல்லர். வலப்பக்கத்தவர் உலக நடப்பை அறிந்தவர். கதை எந்த யுகத்தில் நடந்தாலும் இன்றைய அரசியலை அதில் நுழைத்துவிடுவார். இடப்பக்கத்தவர் விகடர். சோகம் முற்றிச் சபை கண்ணீர் விடப்போகும் வேளையில் அறியாப்பிள்ளைபோல் ஒரு கேள்வி கேட்பார், சபை சிரித்துவிடும். சிரித்து ஓய்ந்ததும் கதகுடு மறுபடி சோகத்தைத் தொடுவார். இம்முறை கண்ணீர் தப்பாது. நம் வில்லுப்பாட்டில் புலவர் சொல்வதற்கெல்லாம் 'ஆமாம்' போடும் துணைவர்களை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அவர்கள் ஒப்புக்கொள்கிறவர்கள், புர்ரகதையின் விகடரோ ஒப்புக்கொள்ளாதவர். எனக்குத் தோன்றுகிற பெரிய வேற்றுமை இதுதான்.

இக்கலையின் பழைய பெயர் ஜங்கம் கதை. ஊர் ஊராய்ச் சென்று சிவன் புகழ் பாடிய ஜங்கமர் குடும்பங்களின் சொத்தாக அது இருந்தது. கணவன் தம்புரா ஏந்திக் கதை சொல்வான். மனைவி டக்கி முழக்கிப் பின்பாட்டுப் பாடுவாள். ஆகவே இது தொடக்கத்தில் ஒரு குழு அன்று, ஒரு குடும்பம். காம்போஜராஜன் கதை, பாலநாகம்மா கதை, 1757-இல் நடந்த பொப்பிலிப் போரின் கதை, நம் தேசிங்குராஜன் கதை ஆகியவை அவர்களுடைய மூட்டையில் இருந்தன. தேசிங்கு ஆர்க்காட்டு நவாபை எதிர்த்து மாண்டது 1714-இல். அவன் மனைவி உடன்கட்டை ஏறியதை நினைந்து நவாபே இராணிப்பேட்டையை அமைத்தார் என்பது வழிவழி வந்த செய்தி. அந்த இராணிப்பேட்டையிலிருந்து சித்தூர் கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். ஒரு தமிழ்நாட்டுப் போர், ஓர் இராஜபுத்திர வீரன், அவனுடைய முஸ்லிம் தோழன், தெலுங்குப் பாட்டு, அதைக் கேட்கத் தமிழும் தெலுங்கும் பேசும் கூட்டம்! எந்த மாநிலக் கணக்கில் இதை எழுதுவது?

இனிப் பெயருக்கு வருவோம். 'புர்ர' என்ற தெலுங்குச் சொல்லுக்கு உள்ளீடற்ற ஓடு, குடுக்கை என்பது பொருள். காய்ந்த சுரைக்காயின் குடுக்கை 'சொரகாய புர்ர'. தம்புராவின் குடம் அத்தகைய குடுக்கையால் ஆனது. சுட்ட மண்ணாலும் பித்தளையாலும் ஆவதுண்டு. குடுக்கை பார்வைக்குத் தலைபோல் இருப்பதால் தலைக்கும், தலையின் ஓட்டுக்கும், உள்ளே இருக்க வேண்டிய மூளைக்கும் அதே சொல் ஏறிவிட்டது. ஒருவரை 'புர்ர லேது' என்றால் அவருக்கு மூளை இல்லை என்று பொருள். போதாக்குறைக்குப் புதர்போல் வளர்ந்த மீசைக்கும் 'புர்ர மீசாலு' என்று பெயர். கதகுடுவுக்கு அத்தகைய மீசை இருந்துவிட்டால் கேட்க வேண்டியதில்லை. கையில் ஒரு புர்ர, கழுத்தின்மேல் ஒரு புர்ர, மூக்கின்கீழ் ஒரு புர்ர! டக்கியின் குடத்தைச் சுட்டி, பெயர் அதிலிருந்து வந்தது என்பாரும் உளர். எதுவாயினும், கருவியின் பெயர் கலைக்கு வந்து, கலையின் பெயர் குடும்பத்துக்கு வந்து, கடைசியில் தெருப்பிள்ளைகளின் வாயில் 'புர்ரலு' ஆகிவிட்டது.

அன்று நாகபுரி மேடையிலும் இதை வைத்தே ஒரு விகடம் நடந்தது. இடப்பக்கம் நின்றவர் பெரியவரின் தம்பி. கதை தொடங்குமுன் அவர் அண்ணனின் தம்புராவைத் தட்டி, 'இது என்ன?' என்றார். 'புர்ர.' அண்ணனின் தலைப்பாகையைத் தட்டி, 'இது?' 'அதுவும் புர்ர.' 'இரண்டும் ஒன்றானால் எதை வைத்துப் பாடுவது, எதை வைத்துச் சோறு தின்பது?' வலப்பக்கத்தவர் குறுக்கிட்டு, ஓட்டுச் சாவடிக்குப் போகும்போது மட்டும் இரண்டில் ஒன்றை வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள், எதை என்றுதான் தெரியவில்லை என்றார். தெலுங்கர் பக்கம் கூரை பறக்கும்படி சிரித்தது. தமிழர் பக்கத்தில் நான் ஒருவனே சிரித்தேன். அதுவும் முழுமனத்தோடு அன்று.

நிகழ்ச்சி முடிந்து உணவுக்கு அமர்ந்தபோது பெரியவரின் எதிரே சென்று உட்கார்ந்து, அழைப்பிதழில் நான் செய்ததைச் சொன்னேன். அவர் சித்தூர்ப் பக்கத்தவராதலால் தமிழ் நன்றாகவே பேசினார். சினம் கொள்ளவில்லை. 'அய்யா, மண்டை என்றால் தமிழில் தலை மட்டும்தானா?' என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். கல்லூரியில் படித்த பழந்தமிழ் நினைவுக்கு வந்தது. புறநானூற்றில் மண்டை என்பது தலை அன்று. உண்ணவும் பருகவும் கையேந்தவும் உதவிய கலம். பாணர்கள் புரவலன் வாசலில் நீட்டிய பாத்திரத்துக்கு அதுவே பெயர். கலத்தின் பெயர் பின்னாளில் தலைக்கு ஏறியது. துறவி கையில் ஏந்தும் திருவோட்டின் ஓடும், மண்டையோட்டின் ஓடும், ஆமையோட்டின் ஓடும் ஒரே சொல். தெலுங்கில் குடுக்கையிலிருந்து தலைக்குப் போன வழியிலேதான் தமிழும் கலத்திலிருந்து தலைக்குப் போயிருக்கிறது. ஆக, என் மொழிபெயர்ப்பு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்த தமிழருக்கு ஒருவேளை பொருந்தியிருக்கும். நாகபுரியிலுள்ள தமிழருக்கு அது பேயை அல்லவா காட்டிற்று! இதைப் பெரியவரிடம் விளக்கியபோது, 'பாட்டுக்காரன் கையில் பாத்திரம் இருப்பது எல்லா நாட்டிலும் உண்டு' என்று மட்டும் சொல்லி மோருக்குக் கையை நீட்டினார்.

வீடு வீடாய் வரும் பாட்டுக்காரக் குடும்பங்களுக்கு ஊரார்தான் பெயர் வைக்கிறார்கள். பெரும்பாலும் காதில் விழும் ஓசையைக் கொண்டோ, கண்ணிற்படும் கருவியைக் கொண்டோ வைக்கிறார்கள். நம் குடுகுடுப்பைக்காரரும் பூம்பூம் மாட்டுக்காரரும் இப்படிப் பெயர் பெற்றவர்களே. அவர்களுள் பலருக்கு வீட்டு மொழி தெலுங்கு என்பது உங்களிற் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். தெலுங்கு நாட்டில் குடுகுடுப்பைக்காரரைப் புடபுக்கலவாள்ளு என்கிறார்கள். உடுக்கையின் ஓசை ஒன்றே; நம் காதுக்குக் குடுகுடு, அவர்கள் காதுக்குப் புடபுக்க.

திருப்பதியின் கங்கம்மா ஜாத்திரையைக் கண்டவர்களுக்கு, அந்நிலத்தில் கேலி என்பது எவ்வளவு ஆழமான பழக்கம் என்பது விளங்கும். மலைமேல் வேங்கடவன் சன்னிதியில் சுப்ரபாதமும் கோவிந்த நாமமும் முழங்க, மலையடிவாரத்தில் அவன் தங்கை என்று மக்கள் கொண்டாடும் தாத்தய்யகுண்ட கங்கம்மாவுக்கு மே மாதத்தில் விழா நடக்கும். நாளுக்கொரு வேடம். முதலில் வெண்களி மண்ணைப் பூசிய பைராகி வேடம். அடுத்து உடலெல்லாம் குங்குமம் பூசிய பண்ட வேடம். பின்னர்க் கரி பூசிய தோட்டி வேடம். ஆண்கள் பெண்ணுடை தரிப்பதும் உண்டு. அம்மன் ஏற்கும் வேடங்களைக் கைகால என்னும் குடும்பத்தார் வழிவழியாகப் போட்டு வருகிறார்கள். பண்ட வேடம் புனைந்தவர்கள் தெருவில் எதிர்ப்பட்டவரை வசைச் சொற்களால் அருச்சிப்பார்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை, வசையும் அம்மனுக்கு ஒரு காணிக்கை. சிறுவனாயிருந்தபோது அந்த வசைகளை மனப்பாடம் செய்து வந்து வீட்டில் ஒப்புவித்து உதை வாங்கியவன் நான். அம்மன் ஏற்றதை அப்பா ஏற்கவில்லை.

ஆனால் எல்லாக் கேலிப் பெயரும் ஒரு தன்மையன அல்ல. தெலுங்கு நாட்டில் குடியானவர் குடும்பங்களின் வமிசாவளியைப் பாடிப் பரிசில் பெற்ற ஒரு வகுப்பாருக்குப் பிச்சிகுண்ட்லு என்று பெயர் வழங்கிற்று. அப்பெயரில் பிச்சையும் ஒலிக்கிறது, முடமும் ஒலிக்கிறது. அவர்கள் பாடிய பாட்டைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அவ்வகுப்பார் அதை ஏற்க மறுத்தார்கள்; அரசாங்கப் பட்டியலில் வம்சராஜ் என்ற பெயர் இப்போது ஏறியிருக்கிறது. வமிசத்தைப் பாடுபவருக்கு வமிசத்தால் பெயர். இது நியாயமே என்பதில் எனக்கு ஐயமில்லை.

நாகபுரிச் சாப்பாட்டுப் பந்தியில் இந்தப் பேச்சை எடுத்தவன் பெரியவரின் மகன். வலப்பக்கம் நின்று அரசியல் பேசினானே, அவன்தான். பட்டதாரி. அவனுடைய சிறுமகளைப் பள்ளியில் மற்றப் பிள்ளைகள் 'புர்ர' என்று அழைத்து, தலையில் தட்டிப் பார்க்கிறார்களாம். 'அவர்கள் பெயரை மாற்றிக்கொண்டார்கள். நாம் மட்டும் ஏன் இந்தக் குடுக்கையைச் சுமக்க வேண்டும்? கிராமிய இசைக்குழு என்று பலகை எழுதினால் கல்லூரிகளில் அழைப்பார்கள்' என்றான். பெரியவர் பதில் சொல்லவில்லை. அவருடைய மனைவி, முன்னாளில் டக்கி முழக்கியவர், பரிமாறிக்கொண்டே சொன்னார்: 'பிச்சிகுண்ட்லு என்று பிறர் சிரித்தார்கள். புர்ர என்று நாமே சொல்லித்தானே சபையைச் சிரிக்க வைக்கிறோம்? அந்தச் சிரிப்புக்குத்தானே கூலி?' மகன் விடவில்லை. 'மேடையில் நாம் சொல்கிறோம், அம்மா. பள்ளிக்கூடத்தில் அவள் சொல்லவில்லையே' என்றான்.

இருவர் பேச்சிலும் உண்மை இருந்தது. அம்மையாரின் பக்கமே என் மனம் சாய்ந்தது. ஆனால் தலையில் தட்டப்படுவது என் மகள் அன்று. ஆகவே வாயை மூடிக்கொண்டேன். அகராதிக்காரன் பேச வேண்டிய இடமும் அது அன்று.

அம்மையாரின் வாதத்துக்கு வரலாறும் ஓரளவு துணை நிற்கிறது. ஜங்கம் கதை என்ற பெயரைப் பின்னுக்குத் தள்ளிப் புர்ரகதை என்ற பெயர் எங்கும் பரவியது 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில். குண்டூர்ப் பகுதியில் 1942 அளவில் பொதுவுடைமை இயக்கத்தினரும், அடுத்து எழுந்த பிரஜா நாட்டிய மண்டலியினரும் இக்கலையைக் கையில் எடுத்தார்கள். பஞ்சம், நிலவரி, ஜமீன் கொடுமை ஆகியவை கதைப்பொருளாயின. பாடியவர்கள் ஜங்கமர் அல்லர். பல சாதியினர், பல மதத்தினர். மோடூரி உதயம் தலைமையில் பெண்களே ஒரு குழு அமைத்துப் பாடினார்கள். சாதிப் பெயர் கொண்ட கலைக்குக் கருவிப் பெயர் அப்போது வசதியாயிற்று. குடுக்கைக்குச் சாதி ஏது? ஆங்கிலேய அரசு சென்னை மாகாணத்திலும், நிஜாம் அரசு ஐதராபாத்திலும் இதற்குத் தடை விதித்தன. ஒரு சுரைக்காய்க்கு இரண்டு அரசுகள் அஞ்சின என்றால், அதன் இடப்பக்கத்து விகடர் அதை விட்டுவைத்திருப்பாரா?

அந்நாளைய கதகுடுகளுள் தலைசிறந்தவர் ஷேக் நாசர். குண்டூர் மாவட்டத்துப் பொன்னெகல்லு என்னும் ஊரில் 1920-இல் பிறந்தவர். பஞ்சு கொட்டும் எளிய முஸ்லிம் குடும்பத்தினர். பல்நாட்டுப் போரை அவர் பாடினால் கேட்க ஊரே திரளும் என்பார்கள். 1954-இல் நாமக்கல் கவிஞரின் மலைக்கள்ளன் தமிழில் திரைப்படமாக வந்தபோது, அதே கதை தெலுங்கில் அக்கிராமுடு என்ற பெயரில் வந்தது. அதில் அல்லூரி சீதாராம ராஜுவின் கதையை நாசர் குழுவினர் புர்ரகதையாகப் பாடினர். 1986-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது, 1997-இல் மறைந்தார். அவர் தம் வாழ்க்கை வரலாற்றுக்கு வைத்த பெயர் 'பிஞ்ஜாரி'. பஞ்சு கொட்டுவோரைக் குறிக்கும் சொல். ஆந்திரத்தில் அதை வசையாகவும் எறிவார்கள். தம்மீது எறிந்த சொல்லை எடுத்து அட்டையில் அச்சிட்டுக்கொண்டார் அந்தப் பெரியவர். நான் படித்த சுயசரிதைத் தலைப்புகளுள் இவ்வளவு துணிவான தலைப்பு வேறில்லை.

சுதந்திரத்துக்குப் பின் தடை செய்த அரசாங்கமே இக்கலையைத் தேடி வந்தது. 1954-இல் மத்திய அரசு நிறுவிய பாடல் நாடகப் பிரிவு, சிறுசேமிப்பு, குடும்பக் கட்டுப்பாடு ஆகிய செய்திகளைப் பரப்பக் கதைப்பாட்டுக் குழுக்களைப் பயன்படுத்திற்று. 1948 முதல் விஜயவாடா வானொலி நிலையம் வழியே புர்ரகதை வீடுதோறும் ஒலித்தது. வானொலியில் ஒரு விந்தை நேர்ந்தது. அங்கியும் தலைப்பாகையும் துள்ளலும் நேயர்களுக்குத் தெரியா. மூன்று குரலும் மூன்று கருவியுமே எஞ்சின. ஆகவே விகடரின் குரல் முன்னிலும் முக்கியமாயிற்று. அவர் எப்போது குறுக்கிடுவார் என்று நேயர்கள் காத்திருப்பார்கள். குடுக்கையின் ரீங்காரமும் ஒலிவாங்கியருகே தெளிவாகக் கேட்டது. மேடையில் கண்ணுக்கு மண்டையாய்த் தெரிந்தது, வானொலியில் காதுக்கு நாதமாய் மட்டும் நின்றது.

இரண்டு ஆண்டுகள் கழித்து அதே விழாவுக்கு அதே குடும்பத்தாரை அழைத்தார்கள். தமிழ் அழைப்பிதழ் மறுபடி என்னிடம் வந்தது. வேறு ஆள் அகப்படவில்லையாம். இம்முறை 'புர்ரகதை' என்றே எழுதினேன். அதன் கீழே, 'சுரைக்குடுக்கைத் தம்புராவுடன் மூவர் பாடும் தேசிங்குராஜன் கதை, சிரிப்பும் உண்டு, குழந்தைகளை அழைத்து வருக' என்று சேர்த்தேன். மொழிபெயர்ப்பு இலக்கணப்படி இஃது ஒரு தோல்வி. தமிழர் பக்கத்தில் நாற்காலி போதவில்லை.

மேடையில் ஒரு மாறுதல் இருந்தது. தம்பியாருக்கு உடல்நலம் குன்றியதால், வலப்பக்கம் நின்ற மகன் இடப்பக்கம் வந்திருந்தான். பெயரை மாற்ற வேண்டும் என்று வாதாடியவன் அவன். பலகையில் 'கிராமிய இசைக்குழு' என்ற எழுத்தும் இருந்தது. அதற்குமேல் பெரிதாகப் 'புர்ரகதை' என்றும் இருந்தது. அந்தப் பள்ளிச் சிறுமி, இப்போது சற்று வளர்ந்தவள், டக்கியோடு வலப்பக்கம் நின்றாள். பெரியவர் கணபதியை வணங்கிவிட்டுத் தம்புராவை மீட்டினார். மகன் வழக்கம்போல் குடுக்கையைத் தட்டினான், தந்தையின் தலைப்பாகையைத் தட்டினான். பிறகு தமிழில், கூட்டத்தைப் பார்த்து, 'இந்த ஊரில் மூன்றாவதாக ஒரு புர்ர இருக்கிறது. உள்ளே நிறைய அகராதி. அதைத் தட்டினால் என்ன ஓசை வரும், அய்யா?' என்று கேட்டான்.

சிறுமி முந்திக்கொண்டாள். 'பேய் வரும்' என்றாள்.